அம்மாவின் விரலால் பூட்டினேன்

என் தங்கை கவிதாவை அம்மாவிடமிருந்து பிரித்தவன் நான். அம்மா போய் ஒரு வருடமாகிறது. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு என்னைத் தெரியாது என்ற தைரியம்தான்.

வைட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் எனக்கு வேலை. கடவுச்சொல்லை ஒழித்துக்கட்டுவதுதான் எங்கள் குழுவின் பிழைப்பு. விரலை வைத்தால் போதும், போனுக்குள் இருக்கும் சாவி கணக்கைத் திறந்துவிடும். மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை, திருடன் ஏமாற்றி வாங்கவும் ஒன்றுமில்லை. நல்ல விஷயம், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் என் மேல்தான்.

கவிதா வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு பீன்யா பக்கம் போய்விட்டாள். அப்பா இல்லாத வீட்டில் நான்தானே பெரிய மனிதன்! தாம்தூம் என்று குதித்தேன். என் மகன் தலையில் கை வைக்கச் சொல்லி அம்மாவிடம் சத்தியம் வாங்கினேன்: அவளைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. நாங்கள் இருந்தது ஈஜிபுராவில். ஒரே ஊர்தான்... ஆனாலும் பேரன் தலைமேல் செய்த சத்தியத்தை அம்மா மீறவே இல்லை.

படம் போடக் கூடாது என்று நான் சொல்லவில்லையே. கல்லூரியில் படித்தபோது கவிதா அம்மாவுக்கு ஒரு புகைப்படக் கணக்கு தொடங்கிக் கொடுத்திருந்தாள். கடவுச்சொல் இருவருக்கும் தெரியும். அம்மா அதில் வீங்கிய முழங்கால், புதுக் கண்ணாடி, வைத்த மீன் குழம்பு என்று எதையாவது எடுத்துப் போடுவாள். மறுநாள் அதே கணக்கில் ஒரு கைக்குழந்தையின் படம் வந்திருக்கும்.

அம்மாவின் போனைச் சரிபார்க்கும்போது அதைக் கண்டேன். குழந்தைக்கு அப்படியே எங்கள் அப்பாவின் நெற்றி... நான் அழுதிருக்க வேண்டாமா? எனக்கு வந்தது ஆத்திரம். என் வீட்டிலேயே என் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டார்களே என்ற ஆத்திரம்.

சத்தம் போடவில்லை. “இனிமே பாஸ்வேர்டெல்லாம் வேணாம்மா, உனக்கு ஈஸியா பண்ணித் தரேன்” என்றேன். அம்மாவின் விரலைப் பிடித்து வைத்துச் சாவியைப் பதிவு செய்தேன். பழைய கடவுச்சொல்லை யாருக்கும் தெரியாத ஒன்றாக மாற்றினேன். மற்ற போன்களிலிருந்து கணக்கை வெளியேற்றினேன். மகள் வரும் வழி அடைபட்டது அம்மாவுக்குப் புரியவில்லை. “என் புள்ள எனக்கு எல்லாத்தையும் சுலபமாக்கிட்டான்” என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசினாள்.

சில நாளில் அலுவலகத்தில் இருக்கும்போது கூப்பிட்டாள்.

“ஏன்டா, போன்ல இன்னாமோ கேக்குது. யாரோ உள்ள வர்றாங்களாம், அது நீதானான்னு கேக்குது. இன்னா அமுக்கட்டும்?”

கவிதாதான். வேறு யார்?

“எவனாச்சும் திருடனா இருப்பான். இல்லைன்னு அமுக்கும்மா.”

அமுக்கினாள். பிறகும் பலமுறை கேட்டது. என்னைக் கேட்காமலேயே அமுக்கப் பழகிக்கொண்டாள். “இன்னிக்கும் வந்தான்டா அந்தத் திருடன், தொரத்திட்டேன்” என்று சோறு போடும்போது சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். எப்படித்தான் இறங்கியதோ அந்தச் சோறு...

ஒரு கட்டத்தில் போன் அப்படிக் கேட்பது நின்றுபோனது. அம்மா மட்டும் படம் போட்டுக்கொண்டே இருந்தாள். குழந்தையின் படம் வரவில்லை. தினமும் போனைத் திறந்து பார்ப்பாள், மூடி வைப்பாள். என்னிடம் வாய்விட்டுக் கேட்க முடியுமா அவளால்? ஒருநாள் மட்டும், “பொண்ணுங்க கல்யாணமாயிட்டா நம்மள மறந்துடுவாங்க இல்ல?” என்றாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

திடீரென்று நெஞ்சுவலி வந்து அம்மா போய்விட்டாள். கவிதாவுக்கு நானே சொல்லி அனுப்பினேன். எடுப்பதற்குக் கொஞ்சம் முன்பு குழந்தையோடு வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

சுடுகாட்டிலிருந்து நான் திரும்பியதும் அருகில் வந்து நின்றாள்.

“அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தக் கணக்குக்குள்ள வர எத்தனையோ வாட்டி கேட்டுப் பாத்தேன். இல்லைன்னே வந்துது. அமுக்கினது அம்மாவா, நீயா?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். திருடன் என்று நம்பித்தான் அமுக்கினாள், சாகும்வரை உன் குழந்தையின் படத்துக்காகக் காத்திருந்தாள் என்று சொல்லியிருக்கலாம். அம்மாவை அவளுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கலாம்...

“அம்மாதான்” என்றேன்.

பொய்யா அது? நீங்களே சொல்லுங்கள்.

கவிதா மெல்லத் தலையாட்டினாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பீன்யாவுக்குப் பஸ் ஏறினாள். அவள் எண் என் போனில் இருக்கிறது. இன்னும் நான் கூப்பிடவில்லை.