தென்னையடியில் கிடந்த பெண் நீர்நாய்

இந்த மாசியில் மூன்றாம் முறையாக மன்னாருக்குப் போனது ஒரு மண்டையோட்டுக்காக. நீர்நாய்களில் ஆணின் தலையும் பெண்ணின் தலையும் எப்படி வேறுபடுகின்றன என்று அளப்பதுதான் என் ஆய்வு. மன்னாரில் இதுவரை கிடைத்தவை எல்லாம் ஆண்கள். பெண் ஒன்றாவது இல்லாவிட்டால் மன்னாரை ஆய்விலிருந்தே வெட்டச் சொல்லிவிட்டார் பேராசிரியர். இந்த முறை வெறுங்கையோடு திரும்புவதில்லை என்று புறப்பட்டேன்.

மன்னார் நகரில் உப்புக்குளம் பகுதியில் தங்கினேன். காலை ஆறரைக்கு நானாட்டான் பஸ். ஒரு மணித்தியாலப் பயணம். அங்கிருந்து நீர்நாய்கள் வரும் குளத்தடிக்கு ஓட்டோ எண்ணூறு ரூபாய். தொப்பி கொண்டுபோங்கள், எட்டு மணிக்கே வெயில் சுடும்.

குளத்தில் வலை போடும் பிலிப் அண்ணை எனக்குப் பழக்கம். வலையில் சிக்கிச் செத்த நீர்நாயின் தலையை வலைக்கம்பில் கட்டிவிடுவது அங்கே வழக்கம். மற்ற நீர்நாய்கள் பயந்து வராதாம். (வராமலா இருக்கின்றன? மீனைத் தின்றுவிட்டுத்தான் போகின்றன.) கம்புகளைப் பார்த்தேன். எல்லாம் பெரிய தலை, உச்சியில் வயல் வரம்பு போல எலும்பு மேடு. மறுபடியும் ஆண்கள். எனக்கு எரிச்சல் வந்தது.

"சின்னத் தலை ஒண்டும் சிக்கிறேல்லையோ அண்ணை?"

"ஏன், சிக்கும். அதைக் கட்டி என்ன பிரயோசனம்? ஆர் பயப்பிடப்போகுது?"

அப்போதுதான் உறைத்தது. மன்னாரில் பெண் நீர்நாய்க்குப் பஞ்சமில்லை, அதன் தலையைக் கம்பில் ஏற்ற ஆளில்லை. சின்னதுகளை வீட்டுத் தென்னைக்கு உரமாக மண்ணில் தாட்டுவிடுவார்களாம்.

பிலிப் அண்ணையின் வீட்டுக்குப் போய்த் தென்னையடியைக் கிண்டலாமா என்று கேட்டதும், அவர் மனைவி றீற்றா அக்கா மரத்துக்கு முன்னால் வந்து நின்றார். "இந்த வருசம்தான் பாளை விட்டது. வேரிலை மண்வெட்டி பட்டால் ஆர் பொறுப்பு?"

"மண்வெட்டி வேண்டாம் அக்கா. சிரட்டையாலை கிண்டுறன்."

மத்தியானம் வரை குந்தியிருந்து கிண்டினேன். முழங்கால் விட்டுப்போயிற்று, நான் விடவில்லை. கடைசியில் கைக்குள் அடங்குகிற மாதிரி ஒன்று வந்தது. உச்சி வழவழப்பு. குட்டியோ என்று பயந்து வாயைப் பார்த்தேன். பற்கள் தேய்ந்திருந்தன, மண்டைப் பொருத்துகள் முற்றாக ஒட்டியிருந்தன. நன்றாக வளர்ந்த பிறகும் இவ்வளவு சின்னத் தலை என்றால் பெண்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

றீற்றா அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார். "உங்கடை கம்பிலை நிண்டதுகள் ஒரு மீனையெண்டாலும் காப்பாத்தினதோ? இவள் என்ரை மரத்தைக் காய்க்க வைச்சிட்டாள்."

பிலிப் அண்ணை வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

போகிறவர்களுக்கு: எழுத்தில் அனுமதி இல்லாமல் எலும்பைத் தொடாதீர்கள். கம்பில் கட்டியதைப் பார்த்துத் திருப்திப்படாமல், கட்டாததை எங்கே போட்டார்கள் என்று கேளுங்கள். குழியை மூடி, மரத்துக்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வாருங்கள். மன்னார் இப்போது ஆய்வில் நிற்பது அந்த மரத்தடியால்தான்.