அப்பாவின் மேல் சொன்ன சாட்சி

எந்தப் பக்கம் நிற்கச் சொன்னாலும், அந்தப் பக்கத்திற்காகக் கேட்போர் கண்கலங்கப் பேசும் பயிற்சி எனக்கு உண்டு. கல்லூரிப் பட்டிமன்றங்களில், எந்தப் பக்கம் என்ற சீட்டை எடுத்துப் பிரித்துப் பார்க்கும் வரை எனக்கென்று ஒரு கருத்து இருந்ததில்லை. பிரித்துப் பார்த்த பிறகு, அதற்காக உயிரையும் கொடுக்கத் துணிந்தவனைப் போல் நின்றிருக்கிறேன். இதைத் திறமை என்றே எல்லோரும் சொன்னார்கள். நானும் அவ்வாறே நம்பினேன். ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் வீட்டு அலமாரி நிறைந்து, மீதிப் பரிசுக் கோப்பைகளை அம்மா ஃபிரிட்ஜின் மேல் அடுக்கி வைத்திருந்தார்.

அப்பா கம்பெனிப் பேருந்து ஓட்டுபவர். இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறைகளில் தங்கியிருக்கும் தொழிலாளர்களை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு, எங்கள் ஊர் வழியாக ஒரகடத்துத் தொழிற்சாலையில் முதல் ஷிப்ட்டுக்கு இறக்கிவிடுவார். அதே தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில்தான் எனக்கும் வேலை. ஆனால் நான் அப்பாவின் பேருந்தில் போனதில்லை. பைக்கில் போனேன். அந்தக் கூட்டத்தோடு இறங்கி நடப்பது என் தகுதிக்குக் குறைவு என்று எனக்குப் பட்டது. அப்பாவோ, நான் கேடயம் வாங்கும் புகைப்படம் ஒன்றை ஸ்டீயரிங்குக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார்.

நான் கிறிஸ்துவிடம் வந்த கதை மிகச் சிறியது. ஒரு போட்டியில் என்னை எதிர்த்துப் பேசியவனுக்குத் திக்குவாய். அவனுடைய வாதத்தை மறுக்க வேண்டிய இடத்தில், நான் அவனுடைய திக்கலை நடித்துக் காட்டினேன். அரங்கம் அதிர்ந்தது, பரிசு எனக்கு வந்தது. முடிந்ததும் அவன் என்னிடம் வந்து கை கொடுத்து, ‘வாழ்த்துகள்’ என்ற சொல்லோடு நெடுநேரம் போராடினான். அப்போது யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சொல் முடியும் வரை நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அதன்பின் எந்தக் கைத்தட்டலும் எனக்கு இனிக்கவில்லை. சில மாதங்கள் கழித்து, உடன் வேலை பார்க்கும் ஒருவர் என்னை ஒரகடம் சாலையில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் நடக்கும் ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். தகரக் கூரைக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலிகளில் அமர்ந்து அழுதுகொண்டிருந்த அந்த மனிதர்களில் யாரும் யாரையும் வெல்ல முயலவில்லை. நான் தலை கவிழ்ந்தேன். அந்த வேளையில் என்னோடு ஒருவர் இருந்தார் என்பதை இன்றும் நான் சந்தேகிக்கவில்லை. வீட்டில் சொன்னபோது அம்மா முகம் வாடினார். அப்பா மட்டும், “போய்ட்டு வரட்டும். அங்கயும் நல்லதுதான் சொல்லித் தருவாங்க” என்றார்.

ஞானஸ்நானம் பெற்ற பின், சபையில் சாட்சி சொல்ல அழைத்தார்கள். சாட்சி என்பது, ஆண்டவர் தன்னை எதிலிருந்து மீட்டார் என்று ஒருவர் எழுந்து நின்று சொல்வது. எனக்கு முன் ஒரு வெல்டர் பேசினார். சொந்த அண்ணன் மேல் கத்தியை ஓங்கியதை, வாக்கியம் வாக்கியமாகத் தடுமாறிச் சொன்னார். கூடமே விம்மியது. அடுத்து நான் எழுந்து, திக்குவாய்க்காரனின் கதையைச் செதுக்கிய தமிழில் சொன்னேன். மரியாதைக்கு ‘ஸ்தோத்திரம்’ என்றார்கள். ஒரு பெண்மணி டிபன் பாக்ஸின் மூடியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பிறர் புகழின்மேல் பொறாமைப்பட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். அன்று நான் பிறர் பாவத்தின்மேல் பொறாமைப்பட்டேன். என் பாவம் மேடைக்குப் போதாததாக இருந்தது.

அடுத்த முறை இருங்காட்டுக்கோட்டையில், பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு வீட்டில் ஜெபம். பேசத் தொடங்கியதுமே முகங்கள் தளர்வதைக் கண்டேன். கேட்போர் கைநழுவும் வேளையில் ஒரு குடும்பக் காட்சியைக் கொண்டுவர வேண்டும் என்பது மேடைப் பாடம். எனக்கு ஒரு காட்சி அகப்பட்டது. நான் பள்ளியில் படித்தபோது சித்தப்பா இறந்தார். சுடுகாட்டிலிருந்து திரும்பிய அன்று அப்பா குடித்துவிட்டு வந்து வாசலில் விழுந்தார். என் நினைவில் அவர் குடித்தது அந்த ஒரு நாள்தான். அந்த ஒரு நாளை எடுத்து என் பிள்ளைப் பருவம் முழுவதும் விரித்தேன். “என் தந்தை மதுவுக்கு அடிமை. இன்றும் அடிமை” என்றேன். கேட்டவர்கள் அழுதார்கள். நானும் அழுதேன். அது நடிப்பன்று என்பதுதான் அதன் கொடுமை. சொல்லும்போது அந்தப் பிள்ளைக்காக என் நெஞ்சு உண்மையாகவே உருகியது.

அதன்பின் வாலாஜாபாத் வரை என்னை அழைத்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் நான் சொன்ன கதையில் அப்பாவின் கை சற்றே ஓங்கியது. அம்மா சற்றே மெலிந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் சபையை நடத்தும் பாஸ்டர் என் தோளைத் தட்டி, “தம்பி, ஒங்க நாவ ஆண்டவரு என்னமா பயன்படுத்துதாரு!” என்றார். அப்போது என் ஜெபம் நீண்டிருந்தது, அழகாகவும் இருந்தது. ஆனால் அந்தக் கூடத்தில் முதல் நாள் என்னோடு இருந்தவர், ஏனோ, நான் பேசி முடிக்கும் வரை வெளியே காத்திருப்பவரைப் போல் தொலைவாகிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் இரண்டாம் ஷிப்ட்டுக்குப் புறப்படும் முன், அப்பா லுங்கியோடு கூடத்தில் உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். அந்நேரம் அவர் முதல் ஷிப்ட் ஆட்களைத் திரும்ப ஏற்றிவர வண்டியோடு போயிருக்க வேண்டும்.

“இன்னாப்பா, வண்டிக்குப் போலியா?”

“வண்டி போச்சு. வேற டிரைவரு எடுத்துகினு போய்ட்டான்.”

“உனக்கு உடம்பு சரியில்லையா?”

“எனக்கு இன்னா கேடு? மிஷினுக்குத்தான் சார்ஜு இல்ல.” அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “டெய்லி, ரோட்ல போலீசு வெச்சிகீற மாதிரி ஒரு மிஷின்ல ஊதிக் காட்டிட்டுதான் சீட்ல ஒக்காரணுமாம். இன்னிக்கு அது செத்துகீது. மிஷின் இல்லாம இவன அனுப்பாதன்னு சொல்லிட்டான் சூப்பர்வைசர்.”

“எல்லா டிரைவரும் ஊதணுமா?”

“என்னிய மட்டுந்தான்.”

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அப்பா என்னைப் பார்க்காமல், அடுக்கி வைத்த கோப்பைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“மொத சீட்ல ஒக்கார்ற பொண்ணு ஒண்ணு கீது. நல்ல பொண்ணு. உன் போட்டோவக் காட்டி, ‘அண்ணே, இது உங்க புள்ளயா?’ன்னுச்சு. நானும் பெருமையா, ஆமாம்மான்னேன். ‘அப்ப நீங்க கவலப்படாதீங்கண்ணே, நீங்க குடிய வுடணும்னு நாங்க எல்லாரும் ஜெபம் பண்ணிகினு கீறோம்’னுச்சு. வண்டி புல்லா ஆளுங்க.”

என் வாய் எனக்கு முன்பே முந்திக்கொண்டது. “நான் அப்படிச் சொல்லலப்பா. அவங்க தப்பாப் புரிஞ்சிகிட்டாங்க.”

“அழுதுகினே சொன்னியாமே” என்றார் அப்பா.

குடிக்கிறார் என்ற சொல் விழுந்துவிட்டால், பேருந்து ஓட்டுபவருக்கு இந்தச் சாலையில் வேறு எந்தக் காண்ட்ராக்டரிடமும் வேலை கிடைக்காது. அது எங்கள் இருவருக்குமே தெரியும்.

அன்று முழுவதும் லைனில் பாகங்களைச் சோதித்துக்கொண்டே மன்றாடினேன். மன்றாடினேன் என்று நினைத்தேன். கூர்ந்து கவனித்தபோது, நான் செய்துகொண்டிருந்தது எதிர்வாதம். ‘ஆண்டவரே, உமது நாமத்திற்காகத்தானே சொன்னேன், மனந்திரும்பியவர்கள் இல்லையா, மிகைப்படுத்தல் ஓர் அணியல்லவா’ என்று முன்னுரையும் மூன்று சான்றுகளும் முடிவுரையுமாக என் ஜெபம் நின்றது. நீதிபதியை நோக்கிப் பேசினேனே தவிர, ஆண்டவரின் முகத்தை நான் தேடவில்லை.

பாஸ்டரிடம் போய், என் சாட்சியைச் சபையில் திரும்பப் பெற வேண்டும் என்றேன். அவர் திடுக்கிட்டார்.

“தம்பி, இத இப்ப எதுக்குப் போட்டுக் கிளறுதீங்க? ஒங்க சாட்சியக் கேட்டு எத்தன பேரு குடிய விட்டிருக்காங்க! இப்பப் போயி பொய்யின்னு சொன்னா, அவங்க விசுவாசம் என்னத்துக்கு ஆகும்?”

“எங்க அப்பா தினமும் ஊதிக் காட்டுறார் ஐயா.”

என்னை ஊர் ஊராக அழைத்துப் போனவர் அவர்தான். அது அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். “சரி, சொல்லுங்க” என்றார். “ஆனா சுருக்கமாச் சொல்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றேன். என் அப்பா குடிப்பவர் அல்லர், நான் பொய் சொன்னேன், நீங்கள் அழ வேண்டும் என்பதற்காகச் சொன்னேன் என்றேன். வெறுமையான அந்த வாக்கியங்களில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது, அப்பாவின் பேருந்தில் முதல் இருக்கையில் அமரும் அந்த அக்கா கண்கள் பனிக்க என்னிடம் வந்தார்.

“அப்பாவுக்கு வேல போயிடும்னுதான இப்டிச் சொல்ற? புரியுது தம்பி. பெத்தவரு இல்லியா. நாங்க வெளிய சொல்ல மாட்டோம். ஆனா ஜெபத்த மட்டும் நிறுத்த மாட்டோம்.”

“இல்லக்கா, அவர் நெஜமாவே குடிக்க மாட்டார்.”

“அன்னிக்கு நீ அழுதது பொய்யா தம்பி? அப்டி யாராலயாவது பொய்யா அழ முடியுமா?”

முடியும் அக்கா, என்னால் முடியும் என்று சொல்ல வாய் எழவில்லை. நான் பேசியதிலேயே மிக மோசமாகப் பேசிய பேச்சு உண்மை. மிக நன்றாகப் பேசியது பொய். அவர் எதை நம்புவார்?

மறுநாள் பேருந்துகள் நிற்கும் மைதானத்துக்குப் போய், டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசரைப் பார்த்தேன். அவர் தேநீர் குடித்துக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும் சிரித்தார்.

“நீதான அந்தப் பட்டிமன்றம் பேசுற பையன்? உங்க அப்பா சொல்லிகீறாரு, எந்தப் பக்கம் குட்த்தாலும் எம் புள்ள பேசுவான்னு. இன்னிக்கு இந்தப் பக்கமா?”

“இது பட்டிமன்றம் இல்ல சார். நான் சொன்னது பொய்.”

“எதுப்பா பொய்? அன்னிக்குச் சொன்னதா, இப்ப சொல்றதா?” டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். “லேடீஸ் வர்ற வண்டி. கம்பெனி கேட்டா நான் இன்னா பதில் சொல்ல? ஊதிட்டுப் போவட்டும். அவருக்கு இன்னா தேஞ்சா போவுது?”

மறுநாள் விடியலில் பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு அப்பாவோடு மைதானத்துக்குப் போனேன். பேருந்தின் கதவருகே, கருவியைக் கையில் வைத்துக்கொண்டு சூப்பர்வைசர் நின்றார். மற்ற ஓட்டுநர்கள் பீடியை அணைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். ஒருவர் மட்டும், “ஊதுண்ணே, நல்லா பூஸ்டு குட்ச மாதிரி ஊது” என்று கிண்டலடித்தார். அப்பா குனிந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. முன்னே போய், “என்னை முதலில் ஊதச் சொல்லுங்கள். குற்றம் செய்தவன் நான்” என்று உரத்த குரலில் தொடங்கினேன். சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள்.

அப்பா நிமிர்ந்தார். “இங்கயும் மேட போடாத” என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். பிறகு குனிந்து ஊதினார். கருவி பச்சையாக ஒளிர்ந்தது. யாரையும் பார்க்காமல் ஏறி அமர்ந்து வண்டியைக் கிளப்பினார்.

கிறிஸ்துவின் வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதிகள் எப்போதும் அவர் பதில் சொன்ன இடங்களே. சிக்க வைக்க வந்தவர்களை ஒரே கேள்வியால் மடக்கிய இடங்களை ஒரு மறுப்புரை வல்லுநரைப் பாராட்டுவதுபோல் பாராட்டியிருக்கிறேன். விசாரணையில் பொய்யான குற்றச்சாட்டுக்கு முன்னால் அவர் வாய் திறவாமல் நின்ற இடத்தை விரைந்து கடந்துவிடுவேன். அதில் எடுத்துப் பேச ஒன்றுமில்லை. அன்று நானும் அந்தப் பேருந்தில் ஏறி, அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே, அந்த இடத்தை விட்டு என்னால் நகர முடியவில்லை. அங்கே நின்றவருக்கு எதிரே பொய்யைச் சொன்னவர்களும் நின்றிருந்தார்கள். நான் யாருடைய வரிசையில் நிற்கிறேன் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ‘நான் பொய் சொன்னேன்’ என்று மனத்துக்குள் சொன்னேன். அதற்கு மேல் எந்தச் சான்றையும் சேர்க்கவில்லை. ஆறுதல் என்று ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால் அந்தச் சொற்களைச் சொன்னபோது, நெடுநாள் வெளியே நின்றவர் அருகில் இருந்தார்.

இன்றும் அப்பா ஊதிவிட்டுத்தான் ஏறுகிறார். இன்றும் அந்த அக்கா அவருக்காக ஜெபிக்கிறார். முதல் ஷிப்ட் நாள்களில் நான் அதே பேருந்தில் போகிறேன். சில காலைகளில் பின் இருக்கையிலிருந்து, “இன்னா பேச்சாளரே, இன்னிக்கு எந்தப் பக்கம்?” என்று குரல் வரும், மொத்தப் பேருந்தும் சிரிக்கும். அவனை வாயடைக்கச் செய்யும் பதில், எதுகையோடு, நாக்கின் நுனியில் வந்து நிற்கும். அதை விழுங்குவது எளிதாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில நாள் தோற்றுவிடுகிறேன்; அன்று லைனில் நின்று, மறுபடி ‘நான் பொய் சொன்னேன்’ என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

ஸ்டீயரிங்குக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், பசையின் தடத்தோடு ஒரு சதுரம் காலியாக இருக்கிறது. நான் அமரும் இடத்திலிருந்து அது தெரியும். அப்பா வண்டியை எடுக்கும் முன், திரும்பிப் பார்க்காமலே கேட்பார்:

“ஏறிட்டியா?”

“ஏறிட்டேம்ப்பா.”

அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.