தேதி மறந்த கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு நாளும் முதல் அழைப்பில் எழுந்ததில்லை. பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறி சுற்றும், பச்சை விளக்கு எரியும், திரை மட்டும் இருட்டாகவே கிடக்கும். சில நாள் நீளமாக மூன்று முறை கூவும். சில நாள் அதுவும் கிடையாது. அப்பா அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டுவார். மசியவில்லை என்றால் மானிட்டருக்கு விபூதி பூசுவார். அதற்கும் வழிக்கு வரவில்லை என்றால் சுவர்க் காலண்டரைப் பார்த்து, “ராகு காலத்துல போட்டா எப்புடி வரும்?” என்று எங்கள் மேல் பழியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

அப்பா ஜோசியர். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவர் கடை. கட்டம் போட்டுக் கையால் ஜாதகம் எழுதிக்கொண்டிருந்தவர், தெரிந்த ஆபீஸ் ஒன்றில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை வாங்கி வந்து வைத்த நாளிலிருந்து ‘கம்ப்யூட்டர் ஜோசியர்’ ஆகிவிட்டார். வாசலில் பலகைகூட மாறிவிட்டது. ஆனால் அதை இயக்கத் தெரிந்தவள் அத்தை மட்டும்தான். அப்பாவின் ஒரே தங்கை. வருகிறவர்களின் பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் அவள் தட்டித் தருவாள், தாள் வெளியே வரும், அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு பலன் சொல்வார். பேர் அவருக்கு, பாடு அவளுக்கு.

கம்ப்யூட்டரின் நோய்நொடிகள் அத்தைக்கு அத்துப்படி. மூன்று முறை கூவினால் உள்ளே இருக்கும் மெமரித் தகட்டில் அழுக்கு என்று அர்த்தம். பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றி, அந்தப் பச்சைத் தகட்டை உருவி, அதன் மஞ்சள் பற்களை என் பள்ளிக்கூட ரப்பரால் அழிப்பாள். தப்பாகப் போட்ட கணக்கை அழிப்பதுபோல அவ்வளவு பொறுமையாக. திரும்பச் சொருகினால் திரை விழித்துக்கொள்ளும். விழித்ததும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு புகார் வரும். அதற்கு எஃப் ஒன் விசையை அழுத்த வேண்டும். அழுத்தினால் மேலே போகும், ஆனால் அதற்குத் தேதி மறந்து போயிருக்கும். ஒவ்வொரு நாளும் எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு ஜனவரி முதல் தேதியில்தான் அது கண் விழிக்கும். நான் காலண்டரைப் பார்த்து அன்றைய தேதியை உரக்கச் சொல்ல, அத்தை அதைத் திருத்துவாள்.

உள்ளே பொத்தான் அளவில் ஒரு பேட்டரி செத்துப் போயிருக்கிறது, மாற்றினால் சரியாகிவிடும் என்று அத்தை எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். அப்பா விடவில்லை.

“ஊர்ச்சனம் அம்புட்டுப் பேரு தலையெழுத்தும் உள்ள இருக்கு. அதுல போயி கையை வைக்காத.”

அத்தைக்கு அப்போது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வந்த வரன்களை எல்லாம் அப்பாவே தட்டிக் கழித்திருந்தார். ஒருத்தருக்குச் செவ்வாய், ஒருத்தருக்கு நட்சத்திரம் பொருந்தவில்லை, இன்னொருத்தருக்கு எல்லாம் பொருந்தியும் ரஜ்ஜுப் பொருத்தம் தட்டியது. பக்கத்துத் தெருக்காரர்களுக்கு ஏதாவது பரிகாரம் சொல்லிச் சமாளித்து அனுப்புகிறவர், சொந்தத் தங்கை என்று வந்தால் ஒரு நூல்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். ஜோசியர் வீட்டுப் பெண்ணுக்குத்தான் ஜாதகம் சரியில்லை என்று அம்மா அடுப்படியில் முணுமுணுப்பாள்.

அந்த வருடம்தான் ஒட்டன்சத்திரத்துக்காரர் வந்து போக ஆரம்பித்தார். காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறவர், எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். மண்டிக்கு ரசீது அச்சடிக்க மாதிரி டைப் செய்து தரச் சொல்லி வந்தவர், அதில் ஓர் எழுத்தை மாற்ற, ஒரு கோட்டைத் தள்ளிப் போட என்று வந்துகொண்டே இருந்தார். மற்றவர்கள் கம்ப்யூட்டர் கிளம்பத் தாமதமானால் சலித்துக்கொள்வார்கள். அவர் மட்டும் நாற்காலியை இழுத்துப்போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டு, “ஏனுங்க, இன்னைக்கும் மக்கர் பண்ணுதுங்களா?” என்று சந்தோஷமாகக் கேட்பார். அத்தை தகட்டை வழக்கத்தைவிட மெதுவாக அழிப்பாள். ரப்பர் தேய்கிறதே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒருநாள் அவர் தன் ஜாதகத்தின் நகலை வைத்துவிட்டுப் போனார். அப்பா வெளியே போயிருந்த மத்தியானத்தில் அத்தை தன் பிறந்த விவரத்தையும் அவருடையதையும் தட்டினாள். எல்லாப் பொருத்தமும் வரிசையாக வந்தது. கடைசியில் சிவப்பில் ஒரு வரி வந்தது. என்னவென்று கேட்டேன்.

“ஏக தசை. ரெண்டு பேருக்கும் இப்ப ஒரே நேரத்துல ராகு தசை நடக்குதாம். அப்படி இருந்தா சேர்த்து வைக்க மாட்டாங்க.”

“சேர்த்து வச்சா என்ன ஆகும் அத்தை?”

“ரெண்டு பேத்துக்கும் ஒண்ணா கஷ்டம் வருமாம். உயிருக்கே ஆகாதுன்னு உங்கப்பா சொல்லுவாரு.”

அச்சடிக்காமலேயே அணைத்துவிட்டாள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. எனக்கு அந்தச் சிவப்பு வரி மேல் கோபம் கோபமாக வந்தது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் ஒட்டன்சத்திரத்துக்காரர், அவருடைய அம்மா, மாமா, இன்னும் இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்துவிட்டார்கள். தை மாதத்துக்குள் முடிக்க வேண்டும், இங்கே அமையாவிட்டால் வேறு இடம் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று பேச்சோடு பேச்சாகத் தெரிந்தது. ஜாதகத்தை உங்கள் மிஷினிலேயே இப்போதே பார்த்துவிடலாம் என்று அந்த அம்மா சொல்ல, அப்பா பெருமையாகப் பொத்தானை அழுத்தினார். அது நீளமாக மூன்று முறை கூவிவிட்டுப் படுத்துக்கொண்டது.

அப்பா தட்டினார். விபூதி பூசினார். மறுபடியும் கூவியது. வந்திருந்த அம்மாவின் முகம் மாறியது.

“நல்ல காரியம் பேச உக்காந்தா மிஷினே தடங்கல் சொல்லுதுங்களே.”

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அது வந்துவிட்டால் அன்றைக்கு எதுவும் பேச முடியாது, எழுந்து போகிறவர்கள் திரும்பி வருவார்கள் என்று சொல்லவும் முடியாது. எல்லோருக்கும் முன்னால், பட்டுப் புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக, அத்தை உள்ளேயிருந்து ஸ்க்ரூ டிரைவரோடு வந்தாள். புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து தகரத்தைக் கழற்றினாள். நான் யாரும் கேட்காமலேயே என் வாசனை ரப்பரை ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணை அப்படி ஒரு கோலத்தில் பார்த்திருக்க மாட்டார்கள். வந்திருந்த அம்மா வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளைக்காரர் மட்டும் குனிந்து சிரித்துக்கொண்டார்.

அழித்தாள், ஊதினாள், சொருகினாள். திரை விழித்தது. வெள்ளை எழுத்துப் புகார் வந்தது. எஃப் ஒன்னை அழுத்தினாள். நான் வழக்கம்போலக் காலண்டர் பக்கம் ஓடினேன்.

“அத்தை, தேதி...”

“போட்டுட்டேன் பாப்பா.”

அவள் போடவில்லை. திரையின் மூலையில் அந்தப் பழைய ஜனவரி அப்படியே நின்றுகொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். அத்தை இருவர் விவரத்தையும் தட்டினாள். பொருத்தங்கள் வரிசையாக வந்தன. கடைசியில் சிவப்பு வரி இல்லை. நடக்கிற தசையைக் கம்ப்யூட்டர் தன் தேதியை வைத்துத்தான் கணக்கிடும், எட்டு வருடத்துக்கு முன்னால் மாப்பிள்ளைக்காரருக்கு ராகு தசை ஆரம்பித்திருக்கவில்லை. அத்தை என்ன செய்தாள் என்பது அந்த வயதிலும் எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது.

தாள் வெளியே வந்தது. அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். ரொம்ப நேரம் படித்தார். தாளின் அடியில் வலது மூலையில் ஜாதகம் பார்த்த தேதி பொடி எழுத்தில் இருக்கும். அதை அவர் பார்த்துவிடக் கூடாது என்று நான் கோட்டை மாரியம்மனை வேண்டிக்கொண்டேன். தேங்காய் உடைப்பதாகக்கூட நேர்ந்துகொண்டேன். காசுக்கு எங்கே போவது என்று அப்போது யோசிக்கவில்லை.

அப்பா தலையைத் தூக்கினார். “தாராளமா செய்யலாம்” என்றார். அம்மாவிடம் மஞ்சளைக் குழைத்து வரச் சொன்னார். பொருந்திய ஜாதகத்தை நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டுக் கொடுப்பது எங்கள் வழக்கம். மூன்று மூலையில் பொட்டளவு வைத்தார். நான்காவது மூலையில் கட்டைவிரல் முழுக்க மஞ்சளை எடுத்து அப்பிவிட்டார். தேதி அதற்குள் முழுகிப்போனது. வந்திருந்த அம்மா தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் வைத்துக்கொண்டார். அம்மன் என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தையில் கல்யாணம் நடந்தது. ஒட்டன்சத்திரத்துக்காரர் மாமா ஆனார். அடுத்து வீட்டுக்கு வந்தபோது பேட்டரியை அவரே வாங்கி வந்து மாட்டினார். ஊர்ச்சனத்தின் தலையெழுத்து ஒன்றும் அழியவில்லை. அப்பாவுக்கு மட்டும் இந்த விஷயம் தெரியவே கூடாது என்று நான் வைராக்கியமாக இருந்தேன். பொய் ஜாதகத்துக்குச் சரி சொல்லிவிட்டோம் என்று தெரிந்தால் மனிதர் நொறுங்கிப்போவார் என்று பயம். அத்தையிடம்கூட அதைப் பற்றி நான் வாய் திறந்ததில்லை.

அந்த வருடங்களில் அப்பாவிடம் சில விசித்திரமான பழக்கங்கள் வந்திருந்தன. ஒட்டன்சத்திரத்திலிருந்து போன் வந்தால் சாப்பாட்டுக் கையோடு ஓடுவார். “ரெண்டு பேரும் நல்லா இருக்கீகள்ல?” என்றுதான் முதலில் கேட்பார். மாமாவுக்குச் சாதாரணக் காய்ச்சல் என்றாலும் ராத்திரியெல்லாம் கூடத்தில் நடந்துகொண்டிருப்பார். வெள்ளிக்கிழமை தவறாமல் அவர்கள் இருவர் பெயருக்கும் அர்ச்சனை செய்துவிட்டு வருவார். பெற்ற மகள் நான், என் பெயருக்கு ஒரு வாரமாவது செய்தாரா என்று அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறேன். தங்கை மேல் அவ்வளவு பாசம் என்று அம்மா சொல்வாள்.

போன மாதம் எனக்கு வரன் பார்ப்பதற்காக அப்பா என் ஜாதகத்தை எடுத்தார். இப்போது எல்லாம் லேப்டாப்பில்தான். தாளை மடியில் வைத்து நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டார். அவருக்கு வயதாகிவிட்டது, ஆனால் ஓர் எழுத்தின் மேல்கூட மஞ்சள் படவில்லை. அத்தனை சின்னப் பொட்டு. நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அத்தை ஜாதகத்துக்கு மட்டும் ஏம்ப்பா அன்னைக்கு இம்புட்டு மஞ்சளை அப்புனீங்க?”

அவர் நிமிரவில்லை. விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

“அன்னைக்குக் கையில நெறைய ஒட்டிக்கிருச்சு.”

தினமும் காலையில் காலண்டர் தாளைத் தன் கையால் கிழிக்கிறவருக்கு, தங்கைக்கு என்ன தசை நடக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவருக்கு, அந்தத் தாள் பொய் என்று தெரியாமலா இருந்திருக்கும்? பார்த்தவுடனே தெரிந்திருக்கிறது. அத்தை அந்தச் சிவப்பு வரியை ஒரு தடங்கலாகத்தான் நினைத்தாள், தாண்டிப் போய்விட்டாள். நானோ அவள் ஜெயித்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். அந்த அறையில் விஷயம் தெரிந்தவர்களில் ஏக தசை உயிருக்கு ஆகாது என்று மனசார நம்பியவர் அப்பா ஒருத்தர்தான். நம்பிக்கொண்டேதான் கட்டைவிரலை வைத்து அழுத்தியிருக்கிறார்.