திருப்பாத மீன்

சீனக் கடலோரத்து ஆபர்டீன் துறைமுகத்தில் காம்ஹோவின் படகில் ஏறாதவர் யார்? மாலுமி, மணப்பெண், சாமியார், கூடையில் கட்டிய பன்றி, ஒருமுறை ஒரு பியானோ! எல்லாவற்றையும் ஒற்றைத் துடுப்பால் கப்பலடியில் கொண்டுபோய்ச் சேர்த்தவள் அவள். சிங்கப்பூருக்குப் போனவனும் சரி, அமெரிக்காவுக்குப் போனவனும் சரி, கடைசியாகக் கையாட்டியது அவளுக்குத்தான்.

படகில் பிறந்து, தண்ணீரில் விழாமலிருக்க இடுப்பில் கயிறு கட்டப்பட்டு வளர்ந்தவள். புயலிலும் சுகமாகத் தூங்குவாள். கரையில் கால் வைத்தால் மட்டும் தலை கிறுகிறுக்கும். ஆடாத தரையை அவள் நம்பியதே இல்லை.

"அது ஏன் செத்த மாதிரி கெடக்குது?" என்பாள்.

அப்பேர்ப்பட்டவளின் ஒரே மகள் சோயிங், கரைக்காரப் பையனைக் காதலித்துத் தொலைத்தாள். ஒரு காலத்தில் படகுக்காரர்களைப் பக்கத்து நாற்காலியில்கூட உட்காரவிடாத கூட்டம் அது. பையனின் அப்பா மக், பஸ் டிரைவர். மலைக்கு அந்தப் பக்கம் வான்சாயில் ஒரு ஹோட்டலில் மதிய விருந்து வைத்து, தன் பஸ்ஸிலேயே வரும்படி சொல்லி அனுப்பியிருந்தார்.

புறப்படும்போதே காம்ஹோ ஆரம்பித்துவிட்டாள்.

"கரைக்காரங்க ஒரு பக்கம் தின்னதும் மீனைத் திருப்பிப் போடுவாங்கடி. மீனு கவுந்தா படகு கவுந்துரும். அந்த வீட்டுல உன் வாழ்க்கையும் கவுந்துரும். எவன் திருப்புனாலும் நான் எந்திரிச்சிருவேன், நீயும் பின்னாலயே வரணும்."

"அம்மா, நான் முன்னாடியே சொல்லி வெச்சிடறேனே."

"வாயத் தொறந்தே, கொன்னுருவேன். சொல்லாம பாத்தாதான் குணம் தெரியும்."

சோயிங்குக்கு அழுகை முட்டியது. கல்யாணம் ஒரு மீனின் முதுகில் தொங்குகிறதே!

மலைப்பாதையில் பஸ் வளைந்ததுமே காம்ஹோ கம்பியைக் கட்டிக்கொண்டாள்.

"யோவ் சம்மந்தி! ஓட்டுறீங்களா, உருட்டுறீங்களா?"

"தூரத்துல அந்த மலையப் பாருங்கம்மா, சரியாப் போயிரும்," என்றார் மக்.

"அந்த மலதானய்யா ஆடுது!"

பஸ்ஸே சிரித்தது. அடுத்த வளைவில் காலைக் கஞ்சி முழுவதும் ஜன்னல் வழியாக வெளியேறியது.

விருந்தில் இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவிய ஆவி மீன் வந்தது. மக்கின் மனைவி மீனின் கன்னத்துச் சதையைப் பிய்த்துக் காம்ஹோவின் கிண்ணத்தில் வைத்தாள். அந்த மரியாதையில் காம்ஹோவுக்கு மனசு கொஞ்சம் இளகியது. ஆனாலும் கண் என்னவோ மீனை விட்டு அகலவில்லை. மேல்பக்கம் தீர்ந்தது. மக்கின் சாப்பாட்டுக் குச்சிகள் தட்டின் மேல் அந்தரத்தில் நின்றன.

அந்த நேரம் பார்த்து, உபசாரத்தில் ஊறிய பரிமாறுகிறவன் இரண்டு கரண்டிகளோடு ஓடிவந்து அவற்றை மீனுக்கு அடியில் நுழைத்தான்.

"டேய்!"

கத்தியது இரண்டு குரல். அவன் இடது கையைக் காம்ஹோ பிடித்திருந்தாள், வலது கையை மக்.

"படகு கவுந்துரும்டா!"

"பஸ் கவுந்துரும்டா!"

பாவம், அவன் திருதிருவென்று விழித்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மலையில வண்டி ஓட்டுறவன் மீனைத் திருப்புவானாம்மா?" என்றார் மக். "நீங்க தெனம் மீன் தின்னு சலிச்சவங்க, அலட்சியமாத் திருப்பிப் போட்டுருவீங்களோன்னு காலையிலேர்ந்து எனக்கு வயித்தக் கலக்கிட்டு இருந்துச்சு."

"உங்களுக்குக் கலக்குச்சா? எனக்கு வயிறே மலையிலதான் கெடக்கு!"

மேசை அதிரச் சிரித்தார்கள். மக் முள்ளைத் தலையோடு அப்படியே தூக்கி ஓரமாக வைத்தார். அடிப்பக்கத்துச் சதை புரளாமல் பத்திரமாகக் கிடந்தது. காம்ஹோ சிரித்துக்கொண்டே அழுதாள். சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சதையில் பெரிய துண்டை எடுத்து, முதல் வேலையாக மாப்பிள்ளைக்கு ஊட்டினாள்.

திரும்பும்போதும் அதே பஸ்தான். முதல் வளைவில் பழக்கதோஷத்தில் கம்பியைத் தேடிய கையை அவளே இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, தல சுத்துதா?"

"சுத்தட்டும். மீனையே கவுக்காத மனுஷன், பஸ்ஸையா கவுக்கப் போறாரு?"

சொல்லிவிட்டு மகளின் தோளில் சாய்ந்தாள். இரண்டாவது வளைவில் அவள் விட்ட குறட்டை டிரைவர் இருக்கை வரைக்கும் கேட்டது.