அருவியை எவ்வளவு குறைப்பது

என் அப்பா தளவாய், குற்றாலத்தில் குளிக்க வருபவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுபவர். அருவிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியதால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். "பக்கத்துலதான இருக்கேன், எதுக்கு இப்படிக் கத்துதிய?" என்று அம்மா ஏசுவாள். கையெல்லாம் எண்ணெய் என்று போனைத் தொடவே மாட்டார்.

அதனால் அவர் இறந்தபின் அவர் குரல் இருப்பது ஒரே வீடியோவில்தான். போன சீசனில் அருவிக்கரையில் நான் எடுத்தது. "ஏட்டி, போனை உள்ள வையி, நனையப்போவுது" என்கிறார்.

அம்மாவின் பழைய போனில் ஓடுமளவுக்கு அதைச் சுருக்க வேண்டும். வீடியோ எடிட்டிங்தான் என் தொழில். விழும் நீர் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவதால் நொடிக்கு இவ்வளவு டேட்டா என்று ஒதுக்கும் பிட்ரேட் முழுவதையும் அதுவே தின்றது. அப்பாவின் முகம் கட்டங்கட்டமாக உடைந்தது. பிட்ரேட்டைக் கூட்டினால் போனில் ஓடவில்லை. முகத்தைக் கைவிட்டேன். குரலாவது மிஞ்சட்டும் என்று அருவி இரைச்சலை முழுக்க நீக்கிப் புது ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்தேன்.

அம்மா போனைக் காதில் வைத்துக் கேட்டாள்.

"யாருட்டி இது?"

"அப்பாதாம்மா."

"அவிய எப்பம்ட்டி இப்படி டப்பாக்குள்ள இருந்து பேசுனாவ?"

அருவியைக் கொஞ்சம் திரும்பச் சேர்த்தால் அப்பா அதில் மூழ்கிவிடுகிறார். குறைத்தால் வேறு யாரோ ஆகிவிடுகிறார். மறுபடி மாற்றி எக்ஸ்போர்ட் கொடுத்திருக்கிறேன். அம்மா போனை நீட்டியபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.