குப்பம்மாள் கழுவாமல் வைத்த கிளாஸ்

காசு கொடுத்து டீ குடித்த கடையில், குடித்த கிளாஸை நீங்களே கழுவி வைத்ததுண்டா? இல்லையென்றால் குப்பம்மாளைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

விக்கிரவாண்டிக்குக் கிழக்கே, ரோட்டைவிட்டு உள்ளே தள்ளிய ஊர் அவளுடையது. நடவு, களை, மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்குவது என்று கூலி வேலைதான் பிழைப்பு. ஊர் முனையில் அரங்கநாதனின் டீக்கடை. அதன் கூரைக் கம்பில் ஓர் ஆணி, அதில் கவிழ்த்தபடி அவளைப் போன்ற காலனிக்காரர்களுக்கென்று ஒரு கிளாஸ். அதை எடுத்து நீட்டினால் கைபடாமல் உயரத்திலிருந்து ஊற்றுவான். தள்ளிக் குந்திக் குடித்துவிட்டு, கழுவி, இருந்த இடத்திலேயே கவிழ்க்க வேண்டும். ஒருமுறை அவள் புருஷன் மண்ணாங்கட்டி அவசரத்தில் கழுவாமல் கவிழ்த்துவிட்டுப் போனான். அரங்கநாதனின் அண்ணன் சீனுவாசனின் நிலத்தில்தான் இருவருக்கும் வேலை. அதற்காக அந்தப் போகம் முழுக்க அவன் அவர்களைக் கூப்பிடவே இல்லை. அன்றிலிருந்து டீ தீருவதற்குள் குப்பம்மாளின் கை தண்ணீரைத் தேடும்.

எண்பத்து நான்காம் வருஷம், மல்லாட்டை பிடுங்க ஆரம்பிப்பதற்கு முந்தின நாள், அவள் விழுப்புரத்தில் பாசஞ்சர் ஏறிக் கடலூர் முதுநகருக்குப் போனாள். கூட விளையாடி வளர்ந்த இருதயமேரி அங்கே வாழ்க்கைப்பட்டுத் துறைமுகத்தில் கூடை சுமந்துகொண்டிருந்தாள். வந்து பாரடி என்று பல வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பாண்டிச்சேரிக்குக் காற்று வாங்கப் போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காத ஊர் அது. உர மூட்டை, மீன் கூடை, ஐஸ் தூள், தார் வாடை. கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் கடலிலேயே நிற்கும். படகுகள் போய்ச் சரக்கை இறக்கி வரும். தண்ணீர் ஏறியிருக்கும்போதே முகத்துவாரத்தைத் தாண்டியாக வேண்டும் என்பதால் எல்லோரும் ஓட்டமாக இருந்தார்கள். ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு மூட்டை மாறிக்கொண்டே இருந்தது. யார் தலை என்று ஒருவரும் கேட்கவில்லை. குப்பம்மாள் கருவாடு வாங்குவதை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு இருதயமேரி அவளைத் தேவநாதனின் டீக்கடைக்கு இழுத்துப்போய் பெஞ்சில் உட்கார வைத்தாள். பக்கத்தில் நடராசன் என்ற படகுக்காரன். குப்பம்மாள் பாதி உடம்பைத்தான் பெஞ்சில் வைத்தாள். நாக்கு வேகக் குடித்தாள். எழுந்தாள், வாளித் தண்ணீரில் கிளாஸைக் கழுவினாள், கவிழ்த்து வைக்க ஆணியைத் தேடினாள்.

ஆணி இல்லை. கடையில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். எந்தத் தெருக்காரி என்பதைத் தன் கையே சொல்லிவிட்டது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

தேவநாதன் எட்டி கிளாஸை வாங்கினான். "இன்னாம்மா, என் வேலைல கை வெக்கிறே? நீ கழுவுனா நான் கூலி இல்ல குடுக்கணும்?"

சொல்லிக்கொண்டே அதே கிளாஸில் டீயை ஊற்றி நடராசனிடம் நீட்டினான். நடராசன் ஏதோ வலை கிழிந்த கதையைச் சொல்லிக்கொண்டே வாங்கிக் குடித்தான்.

"மூச்ச வுடுடி குப்பு," என்றாள் இருதயமேரி.

முதுநகர் ஒன்றும் சொர்க்கம் இல்லை. சர்ச் பெஞ்சிலிருந்து கல்லறை வரைக்கும் சாதி எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்று இருதயமேரியைக் கேட்டால் சொல்வாள். ஆனால் படகுத்துறையில் அதற்கு நேரம் இல்லை. குப்பம்மாளுக்கு அன்று கிடைத்த மரியாதையை எந்தச் சாமியும் இறங்கி வந்து கொடுக்கவில்லை. வியர்வை காயாத மனிதர்கள், கொடுக்கிறோம் என்ற நினைப்புகூட இல்லாமல் கொடுத்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் மல்லாட்டை பிடுங்கப் போகும் காலனிப் பெண்கள் அரங்கநாதனின் கடையில் நின்றார்கள். குப்பம்மாள் குடித்துவிட்டு கிளாஸைப் பெஞ்சின்மேல் வைத்தாள்.

"இன்னா, கழுவாம வெச்சிட்டே?" என்றான் அரங்கநாதன்.

போன தடவை பட்ட பட்டினி அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஆனாலும் சொன்னாள். "நான் கழுவுனா நீங்க கூலி குடுக்கணுங்களே."

முதலில் சிரித்தவள் பின்னால் நின்ற அம்சா. சிரித்துக்கொண்டே அந்தக் கழுவாத கிளாஸை எடுத்து நீட்டினாள். "எனக்கும் இதுலியே ஊத்துங்க."

அவளுக்குப் பின்னால் மற்றவர்களும். அரங்கநாதன் கத்துவதற்கு வாயைத் திறந்தபோது சீனுவாசன் சைக்கிளில் வந்து இறங்கினான். மேற்கே மேகம் கட்டியிருந்தது. மழை பிடித்தால் காய் மண்ணிலேயே முளைத்துவிடும். இந்தப் பெண்களை விட்டால் பிடுங்க வேறு ஆளும் இல்லை. "கிளாசுக்குப் போயி இன்னாடா பேஜாரு? நீயே கழுவிக்க. ஜல்தியா வாங்கம்மா எல்லாம்," என்றான். அரங்கநாதன் கழுவினான். அன்று முதல் அவன்தான் கழுவுகிறான்.

வருஷா வருஷம் குப்பம்மாள் ஒரு பை மல்லாட்டையை முதுநகருக்குக் கொண்டுபோய்த் தேவநாதனிடம் கொடுத்துவிட்டு வருகிறாள். எதற்கு இது என்று தேவநாதனுக்கு இன்றுவரை புரியவில்லை. வேகவைத்துக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடுகிறான்.

ஆனால் அரங்கநாதனின் கடையில் அந்த ஆணியும் அந்தத் தனி கிளாஸும் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. அவற்றைக் குப்பம்மாள் ஒருத்தியால் எடுக்க முடியாது. உங்கள் ஊர்க் கடையின் கூரையோரத்தையும் நிமிர்ந்து பாருங்கள். அப்படி ஒரு கிளாஸ் இருந்தால் நாளைக் காலையில் நீங்களே அதை எடுத்து நீட்டி, எனக்கு இதில் ஊற்று என்று கேளுங்கள். பெஞ்சில் உட்கார்ந்து குடியுங்கள். பக்கத்தில் இன்னொருவர் உட்காரக் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்கள்.