அப்பாவுக்கு இரண்டு இன்ஷூரன்ஸ்

சென்ற வருடம் தீபாவளிக்கு முந்தைய வாரம், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தேன். தறியில் உட்கார்ந்திருந்த அப்பா திடீரென்று மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டு வலி தணிந்தது. ஆனால் இதயத்தில் மூன்று அடைப்பு, தள்ளிப்போடாமல் பைபாஸ் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அண்ணன் ஒரகடத்தில் கார் தொழிற்சாலையில் இருக்கிறான். சேதி கேட்டதும் ஓடி வந்துவிட்டான். அவன் கம்பெனி இன்ஷூரன்ஸில் அப்பா பெயர் உண்டு. ஆனால் மருத்துவமனை சொன்ன செலவில் பாதியைத்தான் அது தாங்கும். மீதிக்கு எங்கே போவது என்று விழித்துக்கொண்டு நின்றபோதுதான் சுரீரென்று உறைத்தது. என் அலுவலக இன்ஷூரன்ஸிலும் அப்பாவைச் சேர்த்திருக்கிறேனே! சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்று முணுமுணுத்ததோடு சரி, அதை அடியோடு மறந்துவிட்டிருந்தேன். செல்போனில் அந்த அட்டையைத் தேடி எடுத்துக் காட்டியதும், ஆஸ்பத்திரி என்றும் பாராமல் இருவரும் கத்திவிட்டோம். நர்ஸ் வந்து அதட்டிவிட்டுப் போனார்.

சந்தோஷம் நீடிக்கவில்லை. இரண்டு இருப்பது தெரிந்தால் இரண்டு கம்பெனியும் கையை விரித்துவிடும், ஒன்றுக்குத் தெரியாமல்தான் இன்னொன்றில் வாங்க வேண்டும் என்று அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே அண்ணன் கிசுகிசுத்தான். தறிச் சத்தத்தில் பாதிக் காது போனவர்தானே என்ற தைரியம் அவனுக்கு. அப்பாவுக்கு எல்லாம் கேட்டுவிட்டது.

எங்கள் பக்கத்தில் நெசவாளிக்கு முதலாளிதான் பாவு, அதாவது சேலைக்கான நீள நூல், கொடுப்பார். ஒருவருக்காக ஓடும் தறியைக் காட்டி இன்னொருவரிடமும் பாவு வாங்குகிறவன் பெயர் தெருவெல்லாம் நாறிவிடும். அப்பா இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

“ஒரே தறியக் காட்டி ரெண்டு முதலாளிகிட்ட வாங்கினவன்னு என்னை எவனும் சொன்னதில்லமா. ஆஸ்பத்திரில படுத்துக்கினு அந்தப் பேர வாங்கணுமா? எனக்கு ஆபரேஷன் வேணாம். வூட்டுக்குப் போலாம்.”

கெஞ்சினோம், அழுதோம், சண்டை போட்டோம். மனிதர் அசைந்து கொடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டால்தான் ஆபரேஷன் என்கிறார்கள். இவரோ செருப்பு எங்கே என்கிறார்! வந்த ஆத்திரத்தில் கீழே ஓடி, இன்ஷூரன்ஸ் கவுன்டரில் இருந்த பெண்ணைக் கையோடு அழைத்து வந்துவிட்டேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். அண்ணன் கம்பெனி முதலில் தன் பங்கைத் தரும். அது போதாமல் நிற்கிற மீதிக்குத்தான் என்னுடையது. அந்த மீதியை இப்போது நாங்கள் கட்டிவிட்டு, பிறகு பில்லைக் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரே செலவுக்கு இரண்டு பேரும் தர மாட்டார்கள், ஆன செலவுக்கு மேல் ஒரு பைசா வராது. மறைத்தால்தான் வம்பு என்று சொல்லி அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். அவன் சுவரைப் பார்த்தான்.

அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “மொத கம்பெனிக்காரனுக்கு இது தெரியுமாம்மா?”

“தெரியும் ஐயா. அவங்க எவ்ளோ குடுத்தாங்கன்னு எழுதிக் குடுத்தாத்தான் ரெண்டாவது கம்பெனி பணமே தரும்.”

அப்பா பேனாவுக்குக் கையை நீட்டினார். எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கட்டிப்பிடித்தே விட்டேன்!

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மீதியைக் கட்ட அடகுக் கடைக்குப் போன என் வளையல்களும், இன்ஷூரன்ஸ் பணம் வந்ததும் திரும்பி வந்தன. பணம் வந்த சேதியை அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னபோது, “செலவுக்கு மேல எதுவும் வந்துடலயே?” என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றதும் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு!

இப்போது அப்பா காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்: அன்றைக்கு நாங்கள் அவர் உயிரைக் காப்பாற்றினால் போதும் என்றுதான் தவித்தோம், முன்பின் தெரியாத அந்தப் பெண் அவர் பெயரையும் சேர்த்துக் காப்பாற்றிக் கொடுத்தார்.